முக்காலிக்கு ஐம்பத்தொன்பது பேர்

என் தம்பி மனைவிக்குத் தெருவில் கத்தரி என்று பெயர். கழுத்தில் அளவு நாடாவோடு ஒரு கத்தரிக்கோலையும் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பதால் வந்த பெயர் என்று அவள் சொல்வாள். அவளிடம் பேசிப் பார்த்தவர்கள் காரணம் அதுவல்ல என்பார்கள். எது சரி என்று நான் வாயைத் திறக்க மாட்டேன். அவள் வீட்டில்தான் பதினோரு வருடமாகச் சாப்பிடுகிறேன்.

நான் அவளுக்கு நாத்தனார். புருஷனோடு ஒத்துவராமல், "பத்து நாள் இருந்துட்டுப் போறேன்" என்று ஒரு பெட்டியோடு வந்தவள். அந்தப் பத்து நாள் எப்போது முடிகிறது என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. மூன்றாவது நாளே கடைக்குக் கூட்டிப்போய் முன்மேஜையில் உட்காரவைத்து, கையில் குண்டூசி டப்பாவைக் கொடுத்துவிட்டாள்.

எங்கள் கடையில் புதுத்துணி தைப்பதில்லை. ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது, காலைக் குறைப்பது, கிழிந்ததைக் கிழியாதது போல் ஆக்குவது, இவைதான் தொழில். கத்தரி மிஷினில், தம்பி இஸ்திரிப் பெட்டியில், நான் முன்மேஜையில். துணியை வாங்கி, சீட்டுக் கிழித்து, பாதியை ஆளிடம் கொடுத்து, மீதிப் பாதியைத் துணியில் குத்துவது என் வேலை. துணி மாறிப்போச்சு, சீட்டு காணோம் என்று இதுவரை ஒரு புகார் கிடையாது. என் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: ஒருவருடைய காகிதம் எதுவானாலும் அது அவருடைய துணியோடு இருக்க வேண்டும். பாக்கெட்டில் கிடக்கும் மருந்துச் சீட்டு, பஸ் பாஸ், ஒருமுறை ஒரு காதல் கடிதம், எல்லாவற்றையும் அந்தந்தத் துணியிலேயே குத்தித் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். இந்தப் பெருமையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என் மானத்தை வாங்கப்போவது இதுதான்.

கத்தரி அரசியலுக்கு வந்தது கொள்கையால் அல்ல, சிறுநீரகக் கல்லால். எங்கள் தெருவில் அறுபத்துநாலு கடைகள். வேலை செய்பவர்களில் முக்கால்வாசி பெண்கள். பெண்களுக்கு ஒரு கழிப்பறைகூடக் கிடையாது. வீடு இருபது நிமிட நடை. வலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று டாக்டர், "ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணி குடிக்கிறீங்க?" என்று கேட்டார். "கடை தெறக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு, மூடினதுக்கப்புறம் ஒண்ணு" என்றாள். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "எங்க தெருவுல எல்லாரும் அப்படித்தான் டாக்டர்" என்று இவள் அவரைச் சமாதானம் வேறு செய்தாள்.

கல்லை எடுத்து ஒரு மாதம் இருக்கும். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் பேனர் ஒன்றுக்கு ஓரம் அடிக்கக் கொண்டுவந்தார். அவர்தான் முக்காலிக் கட்சியின் தலைவர். சின்னம் முக்காலி. கட்சிக்கு ஒரு முழுப் பெயர் உண்டு, ஆனால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்பவர் போய்விடுவார். மொத்த உறுப்பினர்கள் எட்டுப் பேர். கத்தரி பேனரை விரித்துப் பார்த்தாள்.

"ஐயா, உங்க முக்காலிக்கு ஒரு கால் குட்டை. இதுல உக்காந்தா விழுந்துடுவாங்க."

தபால்காரர் பல் தெரியச் சிரித்தார். "எங்க கட்சியில ஒரு வழக்கம் இருக்கும்மா. குறை சொன்னவங்கதான் அதைச் சரி பண்ணணும்."

அவளும் சளைக்காமல் அந்தக் காலைப் பிரித்து நீட்டித் தைத்துக் கொடுத்தாள். மறுவாரம், "உங்க நோட்டீஸ்ல ரோடு இருக்கு, விளக்கு இருக்கு, கக்கூஸ் எங்க?" என்று கேட்டாள். அதையும் அவளே எழுத வேண்டியதாயிற்று. இப்படி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டே நாலு வருடத்தில் ஒன்பதாவது உறுப்பினர், பொருளாளர், செயலாளர் என்று ஏறிவிட்டாள். "வேட்பாளரா யாரோ வெளியாளை ஏன் நிறுத்தறீங்க, இந்தத் தெருவுல வேலை பாக்கறவங்கதானே நிக்கணும்?" என்று கேட்ட அன்று நகராட்சித் தேர்தலுக்கு வேட்பாளரும் ஆனாள். வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொன்னாள். அவன் இஸ்திரிப் பெட்டியைச் சட்டையின் மேலேயே மறந்துவிட்டான். அந்தச் சட்டைக்குப் பணம் கொடுத்தோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தேர்தல் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. சிறு கட்சிகளின் சின்னம் வாக்குச்சீட்டில் இடம்பெற வேண்டுமானால், ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள முந்நூறு பேர் ஆதரவுக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். எங்களிடம் இருந்தது இருநூற்று நாற்பத்தொன்று. இன்னும் ஐம்பத்தொன்பது பேர் வேண்டும். கடைசி நாள் அடுத்த வாரம் செவ்வாய், மாலை ஐந்து மணி. அதைத் தவறவிட்டால் முக்காலி கிடையாது, கத்தரி கிடையாது, கழிப்பறை என்ற சொல் எந்தக் கட்சியின் நோட்டீசிலும் கிடையாது. டெபாசிட் கட்டவும் பணம் வேண்டும். கட்சி நிதியில் ஒரு பேனரும் பாதி பாக்கெட் பிஸ்கட்டும் இருந்தன.

கையெழுத்துப் போட ஆட்கள் இல்லாமல் இல்லை. ஆனால் எங்கள் தெருவில் உடம்பு ஓர் இடத்தில், ஓட்டு வேறிடத்தில். வேலைக்கு வந்த பெண்கள், வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர்கள், கல்யாணமாகி வந்தவர்கள், யாரும் பெயரை இங்கே மாற்றிக்கொள்ளவில்லை. முதலில் அவர்களைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அதே படிவத்தின் அடியில்தான் ஆதரவுக் கையெழுத்துக்கும் இடம். தெருவில் ஓட்டு உள்ள யாராவது ஒருவர் சாட்சி போட்டால் போதும்.

கடையின் பின்னறையில் கூட்டம் கூடியது. பொதுக்கூட்டம் போடலாம் என்றார் தபால்காரர். மைக், நாற்காலி, பேச்சாளர்.

"போடலாம். நாம ஒன்பது பேரும் எதிரெதிரே உக்காந்து மாத்தி மாத்திக் கைதட்டிக்கலாம்" என்றாள் கத்தரி.

எட்டுப் பேரும் அவளைப் பார்த்தார்கள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி சரி, நானே பண்ணித் தொலைக்கிறேன்."

இரண்டு நாள் அவள் யோசித்தாள். அவள் யோசிப்பது நிமிடக் கணக்கில்தான். என் தம்பியை உட்காரவைத்து ஒரு படிவத்தை நிரப்பச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு நிமிடம். ஒரு ஜிப் மாற்றினாள். பத்து நிமிடம். உடனே எழுந்து நின்றாள். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"அண்ணி! ஜிப்புக்குக் காத்திருக்கிறவங்க என்ன பண்ணுவாங்க?"

"என்னைத் திட்டுவாங்க."

"கையில பேனாவைக் குடுத்தா?"

எனக்கு மெய்சிலிர்த்தது என்று சொன்னால் மிகையில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை முழுக்கக் கட்சிக்கு. ஜிப், பொத்தான், தையல் விட்டது, எது வேண்டுமானாலும் கொண்டுவரலாம். கூலி கிடையாது, மனசுக்குத் தோன்றியதைப் பொத்தான் டப்பாவில் போடலாம். காத்திருக்கும் நேரத்தில் படிவம். வெட்டு மேஜையில் சாக்பீஸால் அவள் திட்டம் வரைந்தாள்: இங்கே வரிசை, இங்கே பெஞ்சு, இங்கே சாட்சி போடத் தபால்காரர். பேனாவைத் தூக்கிக்கொண்டு போய்விடாமல் இருக்க ஒவ்வொன்றையும் எலாஸ்டிக்கில் கட்டினாள். இழுத்தால் வரும், விட்டால் திரும்பிவிடும். நாங்கள் ஆளுக்கொரு தரம் இழுத்து விளையாடினோம்.

கட்சியில் பள்ளிக்கூட வேன் ஓட்டும் அம்மா ஒருத்தி உண்டு. அவளுக்கு ஒரு சந்தேகம். "வர்றவங்க எல்லாம் நமக்கா கையெழுத்துப் போடப் போறாங்க? பெரிய கட்சிக்காரங்களுக்கும் நாமளே எழுதிக் குடுக்கணுமா?"

"ஜிப் போனா, கட்சி பாத்தா மாத்தறோம்? ஓட்டு அவங்களோடது. அடியில கையெழுத்துப் போடறதும் போடாததும் அவங்க இஷ்டம்."

வேன்காரம்மா சரியென்று தலையாட்டினாள். ஆனாலும் குறை சொன்ன குற்றத்துக்கு, ஆலைத் தொழிலாளர் விடுதியிலிருந்து ஆட்களை ஏற்றிவரும் வேலை அவள் தலையில் விழுந்தது.

அன்று மாலை படிவக் கட்டை அடுக்கும்போது கத்தரி என் பக்கம் பார்த்தாள். "அண்ணி, உங்க ஓட்டு..."

"எனக்கு அங்க இருக்கு."

'அங்க' என்றால் என் புருஷன் வீடு. பதினோரு வருடமாக நான் போகாத வீட்டின் கதவு எண்ணில் என் பெயர் இன்னும் இருக்கிறது. மாற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாதா? எட்டு நிமிடம். ஆனால் மாற்றினால் பத்து நாள் விருந்தாளி என்ற கதை முடிந்துபோகும். கத்தரி "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுக்கப் போய்விட்டாள். அவள் நறுக்கென்று கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை முப்பது பேர் வந்தால் பெரிது என்று நினைத்தோம். காலை ஒன்பது மணிக்கே வரிசை மூலையைத் திரும்பிவிட்டது! விடுதிப் பெண்களை வேன்காரம்மா மூன்று நடை கொண்டுவந்து கொட்டினாள். வருடக்கணக்காக அலமாரியில் ஜிப் பல்லிளித்துக் கிடந்த துணியெல்லாம் வெளியே வந்தது. ஒரு பெரியவர் போட்டிருந்த பேண்ட்டையே கழற்றிக் கொடுத்துவிட்டு, எங்கள் மேஜை விரிப்பை இடுப்பில் சுற்றிக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்து படிவம் எழுதினார். எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் எழுதினார்கள். பொத்தான் டப்பா இரண்டு முறை நிரம்பியது. யாரோ மறக்காமல் அதில் பொத்தானும் போட்டிருந்தார்கள். மதியத்துக்குள் டெபாசிட்டுக்கு வேண்டியது சேர்ந்துவிட்டது. தபால்காரருக்குச் சாட்சி போட்டுப் போட்டுக் கை வலித்தது. சந்தோஷத்தில் அதையும் எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார்.

ஒரே சிக்கல், பத்து நிமிடத்தில் ஒரு ஜிப் என்ற கணக்கு பதினோரு மணிக்கே படுத்துவிட்டது. கத்தரி மிஷினிலிருந்து கத்தினாள்: "துணியை வாங்கி வச்சுக்குங்க அண்ணி! நாளைக்குக் குடுத்துடலாம். ஃபாரத்தையும் வாங்கிக்குங்க!"

வாங்கினேன். துணியும் படிவமும், துணியும் படிவமும். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது.

மாலையில் கால் தரையில் பாவாமல் நாங்கள் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தபோது கத்தரி கேட்டாள். "ஃபாரம் எல்லாம் பத்திரமா அண்ணி?"

"என் கைக்கு வந்த காகிதம் எப்பவாவது தொலைஞ்சிருக்கா?" என்றேன், கொஞ்சம் கோபமாகவே.

திங்கட்கிழமை முழுக்க அவள் மிஷினை விட்டு எழவில்லை. தம்பி இஸ்திரி போட்டு, மடித்து, காகிதத்தில் சுற்றி, வந்தவர்களுக்குக் கொடுத்தான். வராதவர்களுக்கு, விடுதியிலும் தெரிந்த வீடுகளிலும் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தான். மாலை ஐந்து மணிக்குத் தபால்காரர் ஒரு தோல் பையோடு வந்தார்.

"குடுங்கம்மா, எண்ணி அடுக்கிடறேன். நாளைக்குக் காலைல முதல் ஆளா கொண்டு போய்க் குடுத்துடலாம்."

நான் திரும்பி அலமாரியைப் பார்த்தேன். அலமாரி காலி. ஒரு கைக்குட்டைகூட இல்லை.

அப்போதுதான் என் கை செய்துவைத்தது எனக்கு நினைவுக்கு வந்தது. நாலாக மடித்து, உள்பக்கமாக, சீட்டுக்குப் பின்னால், ஒவ்வொரு படிவத்தையும் ஒவ்வொரு துணியில் என் கையால் குத்தியிருந்தேன். ஒருவருடைய காகிதம் அவருடைய துணியோடு.

"துணியோட..." என்றேன்.

தம்பி இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தான். "அந்த மடிச்ச பேப்பரா? கட்சி நோட்டீஸ்னு நெனச்சேன் அக்கா. கசங்கியிருந்ததுன்னு அதுக்கும் சேத்து இஸ்திரி போட்டு அனுப்பினேன்."

ஞாயிறு காலையில், நான் துணியை வாங்கிவைக்க ஆரம்பிப்பதற்கு முன், கத்தரி தன் கையால் வாங்கிய பதினாறு படிவங்கள் மட்டும் டிராயரில் இருந்தன. இன்னும் நாற்பத்துமூன்று வேண்டும். யாரிடம் போய்க் கேட்பது? எங்கள் நோட்டில் ஆள் பெயர் கிடையாது. 'நீல பேண்ட், கால் இரண்டு அங்குலம்', 'பச்சைப் பாவாடை, இடப்பக்க ஜிப்' என்றுதான் இருக்கும். பெயரெல்லாம் படிவத்தில். படிவமெல்லாம் துணியில்.

கத்தரி கழுத்திலிருந்த கத்தரிக்கோலைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். தூங்கும்போது தவிர அவள் அதைக் கழற்றி நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"திட்டேன். வாயைத் தெறந்து நாலு திட்டுத் திட்டிடேன்" என்றேன்.

"திட்டறதுக்கு நேரமில்ல அண்ணி. எத்தனை பேரோட வீடு நமக்குத் தெரியும்? பிரிச்சுக்கிட்டுப் போவோம்."

"நூத்துச் சொச்சம் பேர். வீடு வீடா எப்பப் போய் முடிக்கிறது? மைக் கட்டிக் கத்தினாத்தான் ஆச்சு" என்று சொல்லிவிட்டேன்.

தபால்காரர் தொண்டையைச் செருமினார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"நான் உங்க கட்சியிலயே இல்ல!" என்று கத்தினேன்.

"மைக்குக்கு அது தெரியவா போகுது?" என்றாள் வேன்காரம்மா.

செவ்வாய்க்கிழமை காலை பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு அவள் வேனைக் கொண்டுவந்தாள். கூரைமேல் குழாய் ஒலிபெருக்கி. உள்ளே நானும் கத்தரியும். கையில் நோட்டு. அன்றுவரை நான் மைக்கைத் தொட்டதுகூட இல்லை. "வாக்காளப் பெருமக்களே" என்று ஆரம்பித்தேன். என் குரலைக் கேட்டு எனக்கே பயமாக இருந்தது. ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை. இரண்டு தெரு இப்படியே போனது. மூன்றாவது தெருவில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் மேல் வந்த கோபம்தான், ஆனால் அது ஊர் மேல் போனது.

"பச்சைப் பாவாடை, இடப்பக்க ஜிப்! இன்னும் எந்திரிக்கலையா? துணியை உதறிப் பாரும்மா, உள்பக்கம் ஒரு ஃபாரம் குத்தியிருக்கும்! குத்தினது நான்தான், தப்பு என்னோடதுதான்! நீல பேண்ட், ரெண்டு அங்குலம் கொறைச்சவரே! வெள்ளைச் சட்டை, காலர் திருப்பினவரே! உங்க ஓட்டு உங்க துணியில இருக்கு! இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள எலெக்‌ஷன் ஆபீசுல குடுக்கலேன்னா எங்க முக்காலி போச்சு! நேரா ஆபீசுக்குக் கொண்டு வாங்க!"

ஜன்னல்கள் பட் பட் என்று திறந்தன. மாடியிலிருந்து ஒரு பெண் பாவாடையை உதறிக் காட்டி, "இருக்கு! இருக்கு!" என்று கத்தினாள். ஒரு கடைக்காரர் இரண்டு கையையும் தட்டிச் சிரித்தார். கத்தரிக்கு மட்டும் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணி, ஆபீசுக்கு வரச் சொல்லிட்டீங்களே! வேலையை விட்டுட்டு யாரு வருவா? நாமதானே போய் வாங்கணும்?"

அவள் சொன்னதுதான் சரி. ஆனால் சொன்னது சொன்னதாயிற்று. ஒரு தெருவுக்கு ஒன்று, இன்னொரு தெருவுக்கு வேறு என்று மாற்றினால் குழப்பம் இன்னும் மோசமாகும். மதியம் வரை தெருக்களிலும் ஆலை வாசலிலும் துணி துணியாகக் கூப்பிட்டே என் தொண்டை கட்டிப்போயிற்று.

இரண்டு மணிக்குத் தேர்தல் அலுவலகத்தின் வெளி பெஞ்சில் உட்கார்ந்தோம். வந்திருந்தவர்கள் ஒன்பது பேர். அவர்களில் ஏழு பேர் அடியில் எங்களுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பதினாறும் ஏழும் இருபத்துமூன்று. கத்தரி ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். நான் அவளை வியப்பாகப் பார்த்தேன்.

"இங்க கக்கூஸ் இருக்கு அண்ணி. போய்ப் பாத்துட்டு வந்தேன். கதவுக்குத் தாழ்ப்பாள்கூட இருக்கு" என்றாள். குழந்தை போலச் சொன்னாள். அந்த நிமிடம் என் இரண்டு கன்னத்திலும் யாராவது அறைந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இதைத்தானே நான் குண்டூசியால் குத்திக் கெடுத்தேன்.

மூன்று மணிக்கு ஆலைச் சங்கு ஊதியது. ஷிஃப்ட் முடிகிற நேரம். கொஞ்ச நேரத்தில் சாலை முனையில் சலசலப்புக் கேட்டது. தபால்காரர்தான் முதலில் எழுந்து நின்றார்.

பச்சைப் பாவாடை வந்துகொண்டிருந்தது! அதன் பின்னால் விடுதிப் பெண்கள் கைகோத்துக்கொண்டு, அவர்களுக்குப் பின்னால் நீல பேண்ட், வெள்ளைச் சட்டை, கோடு போட்ட கவுன். நாங்கள் தைத்துக் கொடுத்த துணியெல்லாம் உடம்பு வைத்து நடந்து வருவது போல இருந்தது. "என்னைத்தான் மைக்ல கூப்பிட்டாங்க" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். சிலருக்குப் படிவம் இன்னும் துணியில் குத்தியபடியே இருந்தது. ஒரு பெண் துவைத்துக் கூழாக்கிய படிவத்தைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அவளைப் பெஞ்சில் உட்காரவைத்துப் புதிதாக எழுதவைத்தோம். கத்தரி வரிசையில் இங்கும் அங்கும் ஓடினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

கவுண்ட்டரில் இருந்த எழுத்தர் ஒவ்வொரு படிவத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தனை வருஷ சர்வீஸ்ல ஃபாரத்தை இஸ்திரி போட்டுக் கொண்டு வந்தவங்களை இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றார். தம்பி பணிவாகத் தலையை ஆட்டினான்.

நாலு பத்துக்கு நாற்பது. நாலரைக்கு ஐம்பத்துநாலு. ஐம்பத்தொன்பதாவது ஆள் யார் தெரியுமா? மேஜை விரிப்பு சுற்றி உட்கார்ந்த அந்தப் பெரியவர். அதே பேண்ட் போட்டு வந்திருந்தார். எழுத்தர் முத்திரையை ஓங்கிக் குத்தியதும் வேன்காரம்மா விசில் அடித்தாள். அவளை வெளியே போகச் சொன்னார்கள். வெளியே போயும் அடித்தாள். கடைசிக் கணக்கு அறுபத்தாறு. முக்காலிக்கு மூன்று காலும் நின்றுவிட்டது.

கத்தரி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் சாய்ந்துகொண்டாள். "வரச் சொன்னது நல்லதாப் போச்சு அண்ணி. நாம போயிருந்தா பேப்பரைத்தான் வாங்கியிருப்போம். இப்ப அவங்களே வந்துட்டாங்க."

கட்சிக்கு உரிய வாக்காளர் பட்டியல் நகலை எழுத்தர் எழுந்து வந்து நீட்டினார். கத்தரி என் தோளை விட்டு எழாததால் நான் வாங்கினேன். கை சும்மா இருக்குமா, எங்கள் வீட்டுக் கதவு எண்ணைத் தேடிப் போயிற்று. முதல் பெயர் என் தம்பி. இரண்டாவது கத்தரி. அதோடு அடுத்த வீடு ஆரம்பித்துவிட்டது. எனக்குச் சுருக்கென்றது.

"இதுல ஒரு ஆள் விட்டுப்போச்சு" என்றேன், சத்தமாகவே.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. தபால்காரர், வேன்காரம்மா, தம்பி, ஒன்பது பேர் கட்சி முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. கத்தரி தோளிலிருந்து தலையைத் தூக்கினாள். மெதுவாக, மிக மெதுவாகக் கேட்டாள்.

"குறை சொன்னது யாரு அண்ணி?"

நான் எழுந்து கவுண்ட்டருக்குப் போனேன். ஒரு படிவம் கேட்டேன். எழுத்தர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். ஐந்து மணியாக இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது.

"உங்க கட்சிக்குத்தான் நம்பர் சேர்ந்துடுச்சேம்மா. இது வெறும் முகவரி மாத்தறதுதானே? நாளைக்கு வாங்களேன்."

"நாளைக்கு, நாளைக்குன்னு பதினோரு வருஷம் ஆயிடுச்சுங்க. எனக்கு எட்டு நிமிஷம் போதும்" என்றேன்.

யாரோ எலாஸ்டிக் கட்டிய பேனாவை நீட்டினார்கள். பெயர் எழுதினேன். பழைய கதவு எண் எழுதினேன். புதிய முகவரி என்ற இடத்தில் தம்பி வீட்டு எண்ணை எழுதினேன். 'இம்முகவரியில் எவ்வளவு காலமாக வசிக்கிறீர்கள்' என்ற கட்டத்தில் கொஞ்ச நேரம் பேனா நின்றது. பத்து நாள் என்று எழுத முடியாது. பதினோரு வருடம் என்று எழுதினேன்.

சாட்சிக்குத் தபால்காரர் கை நீட்டினார். கத்தரி அவரை இடித்துத் தள்ளிவிட்டுப் பேனாவைப் பிடுங்கித் தன் கையெழுத்தைப் போட்டாள். பிறகு எழுத்தர் கேட்பதற்கு முன்பே, கழுத்திலிருந்த நாடாவில் குத்தியிருந்த ஒரு குண்டூசியை எடுத்து, படிவத்தை என் புடவைத் தலைப்பில் சேர்த்துக் குத்தினாள்.

"இது பத்திரமா இருக்கட்டும்" என்றாள்.

"அம்மா, அதை இங்க குடுக்கணும்மா" என்றார் எழுத்தர், முத்திரையைக் கையில் பிடித்துக்கொண்டு.